வார இறுதிக் கடல் தூண்டிலுக்கு எந்தப் படகு? கிழக்குக் கரைக்கான ஒரு கணக்கு

படகு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எவ்வளவு வேகம் போகும், எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கரையில் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: படகை எங்கே தண்ணீரில் இறக்குவீர்கள், திரும்பி வந்து எங்கே ஏற்றுவீர்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் படகுகள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பதில் தெரியாமல் வாங்கிய படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும், தார்ப்பாய் போர்த்தி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

இந்தக் கரையில் ஊருக்கு ஊர் துறைமுகம் கிடையாது. காசிமேடு, புதுச்சேரி தேங்காய்த்திட்டு, கடலூர், நாகப்பட்டினம் என்று சில இடங்கள்தான் உண்டு. அங்கும் விசைப்படகுகளின் நெரிசலுக்கு நடுவே வார இறுதிக்காரர் ஒருவர் இடம் பிடிப்பது எளிதல்ல. மற்ற இடங்களில் எல்லாம் திறந்த மணல் கரை, அதன் முன்னால் உடைகிற அலை. இந்தக் கடற்கரையில் கட்டுமரம் பிறந்ததற்கும் அத்தனை காலம் நிலைத்ததற்கும் அந்த அலைதான் காரணம். மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியதால் உள்ளே தண்ணீர் தேங்காது, அலை மேலே ஏறி வழிந்து போய்விடும், கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அதன் இடத்தை ஃபைபர் படகு வேகமாகப் பிடித்தது. ஆனாலும் அதன் வடிவம் அதே அலையை மனதில் வைத்து ஆனதுதான். அகலம் குறைவு, அணியம் (படகின் முன்தலை) உயர்ந்து நிற்கும், அடி தண்ணீரில் அதிகம் அமிழாது, மணலில் இழுத்தாலும் தாங்கும்.

நான் யாரை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு நண்பர்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் எல்லா வாரமும் முடியாது. கரையிலிருந்து 5 முதல் 15 கடல் மைல் வரை போய் வஞ்சிரம், பாறை, சூரை, கடல் விரால் என்று தூண்டிலில் பிடிக்க ஆசை. வலை கிடையாது, வியாபாரம் கிடையாது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், 15 மைல் என்றால் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது.

சொந்தமாக வாங்காமலே போவது

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பலருக்கு இதுவே சரியான வழி. கரையோர ஊர்களில் தூண்டில்காரர்களை ஏற்றிச் செல்லும் படகோட்டிகள் இருக்கிறார்கள். விளையாட்டு மீன்பிடிப்புக்கென்றே படகு நடத்துபவர்களும் உண்டு. கூலி, டீசல், படகு வாடகை மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மாலையில் மீனோடு வீட்டுக்கு வந்துவிடலாம். சேதாரம், காவல், பெயிண்ட் என்று எந்தக் கவலையும் கிடையாது.

இதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) எங்கே இருக்கிறது, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் மீன் நிற்கிறது, வாடைக் காற்று திரும்பும்போது எந்தப் பக்கமாகக் கரை சேர வேண்டும் என்பதெல்லாம் அந்தப் படகோட்டியின் தலைக்குள் இருக்கிறது. எந்த ஜிபிஎஸ் கருவியும் முதல் நாளே அதைக் கொடுக்காது. சொந்தப் படகு வாங்கித்தான் தீருவேன் என்பவரும் முதல் ஒரு வருடம் இப்படிப் போய்ப் பழகுவது நல்லது. உண்மையில் எத்தனை வாரம் போகிறோம், 15 மைல் போகிறோமா அல்லது 6 மைலிலேயே திருப்தி வந்துவிடுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். வாங்க வேண்டிய படகை அந்த விடைதான் தீர்மானிக்கும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மீன்பிடிப் படகாகப் பதிவான ஒன்றில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது தனி அனுமதிக்கு உட்பட்டது. படகின் தாள்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். அடுத்து, உயிர்காப்பு அங்கி. படகில் இல்லையென்றால் உங்கள் கையோடு கொண்டு போங்கள். அவர்கள் போடவில்லையே என்று நீங்களும் போடாமல் இருக்காதீர்கள்.

செலவுக் கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். இதில் வரும் தொகைகள் நானாக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். படகும் எஞ்சினும் சேர்த்து 5 லட்சம் என்போம். அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் வந்திருக்கும் வட்டி 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 35,000. எஞ்சினும் படகும் தேய்வதற்கு 40,000. சர்வீஸ், பெயிண்ட், கரையில் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு 40,000. மொத்தம் 1,15,000. வருடத்துக்கு 25 முறை போனால் ஒரு பயணத்துக்கு 4,600 ரூபாய், 10 முறைதான் போனால் 11,500. இதில் இன்னும் ஒரு சொட்டு எரிபொருள் சேரவில்லை. இந்த இரண்டு எண்களையும் உங்கள் ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் போகாதவருக்குச் சொந்தப் படகு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எத்தனை முறை போக முடியும் என்பதில் கடலும் ஒரு கட்சி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் பல வார இறுதிகளை விழுங்கிவிடும். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பொதுவாக நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று ஏறும். ஆகவே விடியும் முன்பே போய் மதியத்துக்குள் திரும்புகிற நாட்களே அதிகம். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் இன்னொன்றும் உண்டு: கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை. அங்கே படகு ஏற்பாடு செய்தால் சனிக்கிழமைதான் உங்கள் நாள்.

கயாக்

மிகக் குறைந்த செலவில் சொந்தமாக ஏதாவது வேண்டும் என்றால், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக். காரின் கூரையில் கட்டிக் கொண்டுபோகலாம், எரிபொருள் வேண்டாம், கவிழ்ந்தாலும் மூழ்காது. காற்று இல்லாத காலையில் கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் பாறையும் சீலாவும் கிடைக்கும். ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் ஆழ்கடல் பக்கம் போவது. கயாக் அதற்கானது அல்ல. காற்று கரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும் கச்சான் நாட்களில் போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் அதன் பலம் தெரியும். கவிழ்ந்த கயாக்கைக் கடலில் நிமிர்த்தி மீண்டும் ஏறத் தெரியாதவர் அலையைத் தாண்டவே கூடாது.

காற்றடைத்த ரப்பர் படகு

விலையைப் பார்த்துப் பலரும் இதற்கு ஆசைப்படுகிறார்கள். பிவிசியில் செய்த குழாய்களை நம் வெயில் சில வருடங்களில் ஒட்டிய இடங்களில் பிரித்துவிடும். ஹைபலான் துணி வெயிலைத் தாங்கும், ஆனால் விலை வேறு மாதிரி. கூர்மையான தூண்டில் முட்களும் வஞ்சிரத்தின் பற்களும் உள்ள படகில் காற்றுக் குழாய் மேல் உட்கார்ந்து மீன் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடி கெட்டியான ஃபைபரில் உள்ள வகை கடலில் நன்றாகவே ஓடும், அதையே மீட்புப் பணிக்குப் பயன்படுத்துகிறார்கள். தூண்டிலுக்கு வேண்டாம்.

ஃபைபர் படகு, நீளத் தண்டு டீசல் எஞ்சினோடு

இதுதான் கரையோரத்தின் உண்மையான படகு. பெரும்பாலும் 27 முதல் 32 அடி. பின்பக்கம் 9 அல்லது 10 குதிரைத்திறன் உள்ள ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், அதிலிருந்து பின்னால் நீளும் தண்டு, அதன் நுனியில் காற்றாடி (ப்ரொப்பெல்லர்). கரைக்கு வரும்போது எஞ்சினைச் சாய்த்துத் தண்டைத் தண்ணீருக்கு மேல் தூக்கிவிடலாம் என்பதால் காற்றாடி மணலில் அடிபடாது. அலை உடைகிற இடத்தில் இந்த ஒரு வசதிக்கு ஈடே இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர் எல்லா மீனவ ஊரிலும் இருப்பார், உதிரிப் பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும்.

எரிபொருள் கணக்குப் பார்ப்போம். 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் நன்றாக உழைத்தால் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். வேகம் ஆறு, ஆறரை நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). 15 மைல் போக இரண்டே கால், இரண்டரை மணி நேரம், வரவும் அதே. நடுவே மூன்று மணி நேரம் மெதுவாக ட்ரோலிங், அதாவது தூண்டிலைப் பின்னால் இழுத்தபடி ஓட்டுவது. எல்லாம் சேர்த்து 13, 14 லிட்டருக்குள் முடிந்துவிடும். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்குச் சற்று மேல் என்றால் ஒரு நாள் எரிபொருள் செலவு 1,300 ரூபாயை ஒட்டி நிற்கும். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுச் செலவு.

குறைகளும் இருக்கின்றன. காது அடைக்கும் சத்தம், கை மரத்துப்போகும் அதிர்வு. மூடாமல் சுழலும் தண்டும் காற்றாடியும் ஆபத்தானவை, தூண்டில் நரம்பு அதில் சுற்றினால் அன்றைய வேலை முடிந்தது. வானம் கறுத்தால் ஓடிக் கரை சேர முடியாது. இரண்டரை மணி நேரம் ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டு, மேகத்தைப் பார்த்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும். நிழலோ வசதியான இருக்கையோ கிடையாது. கடல் பழகாத வயதானவரையோ சிறு பிள்ளையையோ இதில் 15 மைல் அழைத்துப் போக வேண்டாம்.

அதே படகு, அவுட்போர்டு எஞ்சினோடு

இங்கேதான் உண்மையான குழப்பமும் ஆசையும் தொடங்குகின்றன. அதே மாதிரி ஃபைபர் படகில் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் பெட்ரோல் எஞ்சின்) மாட்டினால் 16 முதல் 18 நாட் வரை போகலாம். 15 மைல் என்பது ஒரு மணி நேரம். விடியற்காலையில் மீன் தீனி எடுக்கும் நேரத்தை வழியில் தொலைக்காமல் இடத்தில் இருக்கலாம், மதியக் காற்று ஏறும் முன்பே திரும்பிவிடலாம். வேகத்தில் எனக்குப் பிடித்தது பாதுகாப்பான நேரத்துக்குள் போய்வர முடிவதுதான்.

செலவு? பழைய பாணி டூ ஸ்ட்ரோக் 40 முழு வேகத்தில் மணிக்கு 18 லிட்டர் வரை குடிக்கும். சற்றுக் குறைத்து ஓட்டினாலும் போய்வர 30 லிட்டர், ட்ரோலிங்குக்கு ஒரு 12 லிட்டர், ஆக 42 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் 4,200, ஆயில் தனி. அதே திறனில் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 27 லிட்டரில் முடியும். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் மிச்சம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், அது திரும்பி வர 100 பயணம் வேண்டும். வருடத்துக்கு 25 முறை போகிறவருக்கு நான்கு வருடம்.

சரி, பணம் சமமாகிவிடுகிறது என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்தானே? துறைமுகத்தில் கட்டி வைப்பவருக்கு ஆம். அமைதியாக ஓடும், புகை இல்லை, ட்ரோலிங் வேகத்தில் திணறாது. மணல் கரையிலிருந்து தள்ளுபவருக்கு நான் டூ ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன். 40 குதிரைத்திறனில் அது சுமார் 70 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை நெருங்கும். ஒவ்வொரு முறையும் படகின் பின்தலையில் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்து மணலில் இழுக்க வேண்டும், அலையில் பின்தலை தாழும்போது தண்ணீர் ஏறும். கரையோர மெக்கானிக்குக்கும் டூ ஸ்ட்ரோக்கின் உள்ளும் புறமும் தெரியும்.

அவுட்போர்டு படகு எதுவானாலும் எரிபொருளை மூன்று பங்காகப் பிரியுங்கள். போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவதைத் தொடக்கூடாது. மேலே சொன்ன 42 லிட்டர் பயணத்துக்கு 63 லிட்டர் இருக்க வேண்டும். கேன்களுக்கு இடமும் கட்டும் வேண்டும். இதையும் சேர்த்துத்தான் படகின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

ட்ரெய்லரில் இழுக்கும் கூர் அடிப் படகு

வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பது இதுதான். 18 முதல் 22 அடி, ஆழமான வி வடிவ அடி, தானாகத் தண்ணீர் வடியும் தளம், நடுவில் ஓட்டும் மேடை, ஓரத்தில் ராட் மாட்டும் குழாய்கள். தண்ணீரில் இதைப் போல இதமான படகு கிடையாது. குறுக்கலையை வெட்டிக்கொண்டு போகும், நின்று மீன் பிடிக்க வசதி, உள்ளே நுரை அடைத்திருந்தால் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கும்.

ஆனால் இதற்குக் கான்கிரீட் சரிவு வேண்டும், அல்லது கட்டி வைக்கத் துறை வேண்டும். திறந்த மணல் கரையில் டிராக்டர் வைத்து இறக்க முயன்றால் ஆழமான வி அடி மணலில் புதையும், படகு ஒரு பக்கம் சாயும், அடுத்த அலை உள்ளே வரும். துறைமுகத்தில் இடம் உறுதியாகக் கிடைத்தவர் தாராளமாக இதை வாங்கலாம், அவருக்கு இதுதான் முதல் தேர்வு. மற்றவருக்கு எந்த விலையிலும் இது மலிவு ஆகாது. துறைமுகம் இருந்தாலும் அதன் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டினத்தில் துறைமுக வாயில் அலையிலேயே படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

தெற்கே பாக் நீரிணையில் கணக்கு மாறும். அங்கே கடல் ஆழமில்லை, அலை குறைவு, உள்ளே எஞ்சின் பொருத்திய வள்ளம் போதும். ஆனால் ராமேசுவரம் பக்கம் சர்வதேச எல்லை மிக அருகில் இருக்கிறது, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியக் கடல் பூங்கா இருக்கிறது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் பொழுதுபோக்குக்காக அங்கே படகை எடுக்க வேண்டாம்.

என் தேர்வு

துறைமுக வசதி இல்லாத நான்கு நண்பர்களுக்கு, ஒரு வருடம் வாடகைப் படகில் பழகிய பிறகு, 24 முதல் 28 அடி பழைய ஃபைபர் படகு. கூட்டாளிகளில் ஒருவர் அந்தக் கரையிலேயே வாழும் மீனவராக இருக்க வேண்டும். அவர் வார நாட்களில் தொழிலுக்கு ஓட்டட்டும், சனி ஞாயிறு நீங்கள் போங்கள், அவரும் கூட வரட்டும். படகு சும்மா கிடந்து கெடாது, காவலுக்குத் தனிச் செலவு இல்லை, அலையைத் தாண்டுவதில் அவருடைய கைதான் உங்கள் காப்பீடு. பங்கு, பழுதுச் செலவு, யார் எப்போது எடுப்பது, விலக நினைத்தால் என்ன விலை என்பதை முதலிலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு இறங்குவது மரியாதை மட்டுமல்ல, கரையில் இடம் கிடைக்க அதுவே வழி.

எஞ்சினில், 8 மைலுக்குள் போகிறவர்கள் நீளத் தண்டு டீசலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போகிறவர்கள் அவுட்போர்டை முதன்மையாக வைத்து, சிறிய எஞ்சின் ஒன்றைத் துணைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டாவது எஞ்சினுக்குப் பணம் இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள்.

பழைய படகு பார்க்கப் போகும்போது

எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான் முதலில் கை வைக்க வேண்டும். பலவற்றில் ஃபைபருக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். ஆணித் துளை வழியே தண்ணீர் புகுந்தால் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அது உளுத்துவிடும். சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டுங்கள். கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் மந்தமாகிவிட்டால் அந்த இடம் ஊறியிருக்கிறது. எஞ்சினைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பின்பலகை சற்று அசைந்தாலும் விலகி வாருங்கள். தளத்தில் நடக்கும்போது கால் அமிழ்ந்தால் அதுவும் அதே நோய்தான். அடியில் நட்சத்திரம் போல விரிந்த கீறல்கள் எங்கோ மோதியதைச் சொல்லும். புதிதாகப் பெயிண்ட் அடித்த படகை இன்னும் கூர்ந்து பாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. குளிரூட்டும் தண்ணீர் சீராக வெளியே பீறிட வேண்டும். அப்புறம் கட்டாயம் கடலில் ஒரு மணி நேரம், நீங்கள் கூட்டிப்போக நினைக்கும் அத்தனை பேரின் எடையோடு ஓட்டிப் பாருங்கள். புதிய அவுட்போர்டின் விலை பெரும்பாலும் எஞ்சின் இல்லாத வெறும் படகின் விலைக்கு நிகராகவோ அதைத் தாண்டியோ இருக்கும் என்பதால், பழைய படகில் நீங்கள் உண்மையில் வாங்குவது எஞ்சினைத்தான்.

பேரம் முடிந்தாலும் பணத்தில் ஒரு பகுதியைச் சாமான்களுக்கு ஒதுக்கி வைத்திருங்கள். ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, கரையோடும் மற்ற படகுகளோடும் பேச விஎச்எஃப் வானொலி, ஜிபிஎஸ், ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீப்பொறிக் குறி, தண்ணீர் இறைக்கும் பம்பு, ஆழத்தின் ஐந்து மடங்காவது கயிறுள்ள நங்கூரம். கரையிலிருந்து சற்றுத் தள்ளியதும் கைபேசி அடங்கிவிடும், வானொலியில் 16ஆவது அலைவரிசைதான் அபாய அழைப்புக்கு உரியது. சிக்னல் இருக்கும் இடத்தில் கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கிளம்பும் முன் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) தரும் அலை முன்னறிவிப்பைப் பார்த்து, யார் யார் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

தாள்கள் கடைசியில் வந்தாலும் முன்பணத்துக்கு முன்பே பார்க்க வேண்டியவை. படகின் பதிவு எண்ணும் எஞ்சின் எண்ணும் தாளில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும், மானியத்தில் வாங்கியதா, அதன் மேல் கடன் இருக்கிறதா என்று மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். மீன்பிடிப் படகாகத் தொடரப் போகிறதா, பொழுதுபோக்குப் படகாகப் பதியப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து அலுவலகமும் விதிகளும் மாறும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது, நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் இல்லை. உங்கள் படகு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை அந்த அலுவலகத்திலேயே உறுதி செய்துகொண்டு, பெயர் மாற்றம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.